என் காதுக்கு யார் சாட்சி?

போன மாதம் எங்கள் பகுதியில் நடந்த ஒரு நினைவேந்தல் கூட்டத்தில் பறை முழங்கத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஒரு தோழர் எல்லார் முன்னாடியும் கேட்டார்: "என்ன தோழர், பறைச் சத்தம் கேட்டா ஊர்க்காரன் மாதிரி எழுந்து ஓடறீங்க?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துத்தான் வைத்தேன். எங்க பெரிப்பா பறையடிச்சவர். சின்ன வயசில் வைக்கோலைக் கொளுத்திப் பறை காய்ச்சிக் கொடுத்த கை இது. சாவு வீட்டு வாசலில் நின்ற பறை மேடைக்கு ஏறியபோது கூடவே ஏறி நின்றவன் நான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. அவருக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவருக்கு மட்டும் இல்லை என்பது எழுதத் தொடங்கிய பிறகுதான் தெரிகிறது.

2016 ஆடி மாசத்திலிருந்து என் இடது காதில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நிறுத்தம் கிடையாது. முன்பெல்லாம் ராத்திரி டிவியில் எல்லாம் முடிஞ்ச பிறகு 'கீ...'ன்னு ஒரு சத்தம் வருமே, கிட்டத்தட்ட அது. அதுக்குக் கீழே பழைய டியூப்லைட் சோக்கு உறுமுகிற மாதிரி இன்னொன்று. மழைக்காலத்தில் சில்வண்டும் சேர்ந்துகொள்ளும்; வெளியே கத்துகிற வண்டு எது, உள்ளே கத்துகிற வண்டு எது என்று தெரியாது. பகலில் நாலு பேர் பேச்சு, பஸ் சத்தம் எல்லாம் இருந்தால் பின்னால் போய் நிற்கும். ராத்திரி ஊர் அடங்கினால் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்ளும். இந்த வரியை எழுதும்போதும் கேட்கிறது.

நான் கம்பி கட்டுகிறவன். பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு அடுக்குமாடி வேலை. மேலே மூணாவது மாடியில் சென்ட்ரிங் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கீழே நாங்கள் கம்பி வளைத்துக்கொண்டிருந்தோம். மேலே பிரிக்கும்போது கீழே ஆள் நிற்கக் கூடாது. இது சித்தாளுக்கும் தெரியும், இன்ஜினியருக்கும் தெரியும். ஆனா ரூஃப் போடுகிற தேதி முன்கூட்டியே குறித்தாச்சு. ஹெல்மெட் ஸ்டோர் ரூமில் வரிசையாக அடுக்கியிருக்கும். யாராவது பார்வையிட வந்தால் எங்கள் தலைக்கு வரும், போனதும் திரும்ப ரூமுக்குப் போய்விடும். பலகை ஒன்று நழுவி வந்தது. நான் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன் 'அண்ணே'ன்னு கத்தினது மட்டும் ஞாபகம் இருக்கு.

ஸ்கேனில் இடது பொட்டெலும்பில் மெல்லிய விரிசல் என்று வந்தது. மூளையில் ரத்தக்கசிவு இல்லை, பிழைத்தது புண்ணியம் என்றார்கள். பத்து நாள் படுக்கை. மூன்றாம் நாள் ராத்திரி வார்டு அடங்கினபோதுதான் முதன்முதலாகக் கேட்டேன். மருத்துவமனையில் ஏதோ மெஷின் ஓடுது போல என்று நினைத்தேன். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, "அந்த மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கம்மா" என்றேன். அவங்க சுத்திப் பார்த்துட்டு, "எந்த மெஷின்?" என்றாங்க.

மேஸ்திரி எங்கள் சொந்தக்காரர்தான். பெரிய காண்ட்ராக்டர் கொடுத்ததாகச் சொல்லி ஆஸ்பத்திரி செலவும் மேலே 15,000 ரூபாயும் கொடுத்தார். ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கினார். 'இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்' என்று எழுதியிருந்தது. நாலு எழுத்துப் படித்தவன், பத்திரிகையில் எழுதுகிறவன், அதிலும் கையெழுத்துப் போட்டேன். பொண்டாட்டி கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வைத்தியம் ஆரம்பித்தது. பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சின எண்ணெயைக் காதில் விட்டாள் அம்மா. எலும்பு விரிசல் விட்ட காதில் எதையும் விடக் கூடாது என்று பிறகு டாக்டர் திட்டினார். தலையில் அடிபட்ட இடத்தில் காத்துக் கருப்பு ஏறியிருக்கு என்று பூசாரியிடம் கூட்டிப் போனார்கள். எனக்கு இதில் எல்லாம் நம்பிக்கை கிடையாது, நம்முடைய பத்திரிகையிலேயே இதை எதிர்த்து எழுதியிருக்கிறேன். ஆனா போனேன். ஒன்று சொல்லவேண்டும்: "என்ன சத்தம் கேக்குது, எந்த நேரத்துல, ஆம்பளைக் குரலா பொம்பளைக் குரலா" என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து கேட்டவர் அந்தப் பூசாரி ஒருத்தர்தான். டாக்டர்கள் யாரும் அவ்வளவு நேரம் கேட்கவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். உள்காதில் நத்தைக் கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் பதினைந்தாயிரத்தைச் சுற்றி மெல்லிய மயிர்க் கால் கொண்ட செல்கள். சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுப்பது அவைதான். நகம் போல, முடி போல அது திரும்ப முளைக்காது. பிறக்கும்போது இருப்பதுதான் கணக்கு. தலையில் விழுகிற அடி எலும்பு வழியாக அதை உலுக்கிவிடுகிறது, நரம்பையும் உலுக்கிவிடலாம். காதிலிருந்து வரவேண்டிய தகவல் குறைந்துபோனதும் மூளை சும்மா இருப்பதில்லை. ஸ்டேஷன் சரியாகக் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைத் திருகுகிற மாதிரி தன் பக்கத்தில் சத்தத்தைக் கூட்டுகிறது. இல்லாத சத்தம் அப்போது கேட்கிறது. கையை வெட்டி எடுத்த பிறகும் விரல் வலிக்குது என்பார்களே, அதுக்குப் பக்கத்து வீடு இது.

இது பைத்தியமும் இல்லை, கற்பனையும் இல்லை. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று சொல்லச் சொன்னார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். எல்லாருக்குள்ளேயும் அது இருக்கிறது. மற்றவர்களுக்கு அமைதியான அறை ஒன்று தேவைப்படுகிறது, எனக்கு அது தேவையில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இதை அடியோடு நிறுத்துகிற மருந்து இன்றுவரை இல்லை. கேட்கும் திறன் குறைந்தவர்களுக்குக் காது மெஷின் வைத்தால் கொஞ்சம் அடங்கும். மெதுவாக வேறு சத்தம் ஓடவிடுவது, மனநலப் பயிற்சி, இவை சத்தத்தைக் குறைக்காவிட்டாலும் அதோடு வாழப் பழக்கும். எனக்கு டேபிள் ஃபேன். அது ஓடினால்தான் தூக்கம். கரண்ட் போன ராத்திரிகளில் வீட்டில் எல்லாரும் கொசுவுக்கு எழுந்திருப்பார்கள், நான் காதுக்கு எழுந்திருப்பேன்.

இதுவரை சொன்னது உடம்பு. இனிமேல்தான் விசயம்.

அரசு மருத்துவமனையில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். மேல் சுருதியில் இடது காது நன்றாகவே குறைந்திருந்தது. பேச்சு கேட்கிற சுருதியில் பெரிய குறை இல்லை. சராசரி போட்டால் 'இயல்பு' என்று வந்துவிட்டது. டாக்டர் கெட்டவர் இல்லை. "நீ சொல்றதை நான் நம்பறேன்பா. ஆனா மெஷின்ல வராததை நான் எப்படி எழுதறது?" என்றார்.

கையெழுத்துப் போட்டது தப்பு, வழக்குப் போடலாம் என்று வக்கீல் தோழர் ஒருவர் சொன்னார். அப்போது நடைமுறையில் இருந்தது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், வெள்ளைக்காரன் போட்டது. அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஆள்காட்டி விரல் முழுசாகப் போனால் 14. நடுவிரல் 12. ஒரு கண் போய் மற்றது நல்லா இருந்தால் 40. காது முழுச் செவிடானால் 100. கறிக்கடையில் ஈரல் என்ன விலை, தொடை என்ன விலை என்று எழுதிப் போட்ட மாதிரி இருக்கும். காதுக்குள் கேட்கிற சத்தத்துக்கு அதில் விலை இல்லை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தை எடுத்துவிட்டது. பட்டியல் மட்டும் புதுச் சட்டத்துக்குள் பத்திரமாகக் குடியேறிவிட்டது.

பட்டியலில் இல்லாத காயத்துக்கும் அந்தச் சட்டத்தில் வழி இருந்தது என்பதைச் சொல்லவேண்டும். சம்பாதிக்கும் திறன் எத்தனை விழுக்காடு குறைந்திருக்கிறது என்று தகுதி பெற்ற மருத்துவர் மதிப்பிட்டு எழுதிக் கொடுத்தால் போதும். கதவு திறந்துதான் இருந்தது. உயரத்தில் ஏறினால் தலை சுற்றுகிறது, வைப்ரேட்டர் மெஷின் ஓடுகிற இடத்தில் அரை மணி நேரம் நிற்க முடியவில்லை, ராத்திரித் தூக்கம் இல்லாமல் பகலில் கம்பியை அளக்கத் தடுமாறுகிறேன் என்பதை எழுத ஒரு டாக்டர் வேண்டும். மூன்று பேரிடம் போனேன். மூன்று பேரும் மெஷின் பேப்பரைத்தான் பார்த்தார்கள். இரண்டு வருசக் கெடு தாண்டிப் போயிற்று.

ஊனமுற்றோர் சான்றிதழுக்குப் போனால் அங்கேயும் அதே கதை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. காதைப் பொறுத்தவரை இரண்டு காதிலும் 60 டெசிபலாவது இழந்திருக்கவேண்டும். காதிரைச்சல் எந்த வகையிலும் இல்லை. இத்தனைக்கும் இந்தச் சத்தத்தை மெஷின் சத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் மெல்லிசாகத்தான் இருக்கும், சில டெசிபல். அளவு சின்னது, படுத்துகிற பாடு பெரிசு. அந்த இரண்டுக்கும் நேரான கணக்கு கிடையாது என்பது மருத்துவர்களே ஒத்துக்கொள்கிற விசயம். வாசலில் ஒருத்தன் விடிய விடிய மெதுவாக உன் பேரைச் சொல்லிக்கொண்டே நின்றால் எத்தனை டெசிபல் என்றா பார்ப்பாய்?

எல்லா நாட்டிலும் இப்படித்தானா என்று தேடிப் பார்த்தேன். அமெரிக்கப் படையிலிருந்து திரும்பியவர்கள் அதிகமாக ஈட்டுத்தொகை வாங்குகிற குறைபாடே காதிரைச்சல்தான். 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு 10 விழுக்காடு என்று கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எந்த மெஷினை வைத்து அளந்தார்கள்? அளக்கவே இல்லை. காதில் இரைச்சல் கேட்கிறதா என்று சொல்ல அந்தச் சிப்பாயின் வாக்குமூலமே தகுதியான சாட்சியம் என்று 2002இல் அவர்களுடைய நீதிமன்றம் ஒன்று சொல்லிவிட்டது. வியட்நாமிலும் ஈராக்கிலும் அந்தப் படை யார் யார் காதைக் கிழித்தது என்பது தனிக் கணக்கு, அவர்களுக்கு எவனும் பத்து விழுக்காடு கொடுக்கவில்லை. நான் சொல்லவருவது ஒன்றுதான். அரசு நினைத்தால், மெஷினில் வராததையும் ஒருத்தன் சொல்லைக் கேட்டு எழுதமுடியும். யார் சொல் என்பதுதான் கேள்வி.

பீத்தோவன் தன் காதில் ராவும் பகலும் இரைச்சல் என்று 1801இல் நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஸ்மெட்டானா என்ற செக் நாட்டு இசைக்காரர் தனக்குக் கேட்ட அந்தக் கீச்சுச் சத்தத்தை 1876இல் எழுதிய நால்வர் இசையின் கடைசிப் பகுதியில் ஒரே நீண்ட சுரமாகப் போட்டுவைத்தார். உலகம் நம்பியது. அவர்களிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. எங்க பெரிப்பா அறுபது வயசுக்கு முன்னாடியே "காதுக்குள்ள எப்பவும் மேளம் அடிக்குதுடா" என்பார். நாங்கள் குடி என்றோம்.

இங்கே ஒன்று நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் பறையை அடிப்பதா, எறிவதா என்று எவ்வளவு பேசினோம். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று ஊரை எதிர்த்து நின்ற சேரிகள் உண்டு. இது எங்கள் கலை, எங்கள் போர்க்கருவி என்று தூக்கிப் பிடித்தவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் பக்கம் பக்கமாக எழுதினோம், நானும் எழுதினேன். நாற்பது வருசம் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து அடித்தவனுடைய காது என்ன ஆச்சு என்று ஒரு வரி எவனும் எழுதவில்லை. பறையைப் பார்த்தோம், இழிவைப் பார்த்தோம், விடுதலையைப் பார்த்தோம். அடித்தவனைப் பார்க்கவில்லை.

அடுத்தது செவுள்.

நம்ம சனத்தை அடிக்கிறவன் முதலில் கையை எங்கே வைக்கிறான்? செவுளில். 'செவுள்ல ஒண்ணு விட்டேன்னா', 'செவுள் பிஞ்சுரும்', 'காது கிழியும்'. டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்த பையனுக்கு, செருப்புப் போட்டு நடந்தவனுக்கு, கூலி கூடக் கேட்ட பெண்ணுக்கு, ஸ்டேசனில் புகார் எழுதிக்கொடுக்கப் போனவனுக்கு. அருவாளும் கம்பும் பெரிய கலவரத்துக்கு. அன்றாடச் சாதி நடப்பது உள்ளங்கையால்தான். உள்ளங்கை காதை மூடினாற்போல விழுந்தால் உள்ளே காற்று அழுந்திச் சவ்வு கிழியும். வெளியே ஒரு கீறல் இருக்காது. கன்னம் சிவந்தது கறுத்த தோலில் மறுநாள் தெரியாது.

இரண்டு வருசத்துக்கு முன் உண்மை அறியும் குழுவில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். வீடு எரிந்தது எத்தனை, வண்டி உடைந்தது எத்தனை, தையல் போட்டவர் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டோம். பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் ஓரமாக நின்றான். அவனுக்குக் காயம் ஒன்றும் இல்லை, அறைந்ததோடு விட்டுட்டாங்க என்று அவன் அப்பாவே சொன்னார். அவன் பேசுகிறவர்களுக்கு வலது பக்கத்தையே திருப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்தத் திருப்பம் தெரியும். கிட்டே போய், "தம்பி, இந்தக் காதுல ஏதாவது சத்தம் கேக்குதா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?" என்றான்.

அவனுடைய ஏ.ஆர். காப்பியில் 'சிம்பிள்' என்று எழுதியிருந்தது. சாதாரணக் காயம். பழைய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலையிலிருந்து நடக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, ஒரு காதின் கேட்கும் திறன் நிரந்தரமாகப் போனால் அது கொடுங்காயம். அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் முன்பு 20 நாள், இப்போது 15 நாள் முடங்கினாலும் கொடுங்காயம். இது எத்தனை பேருக்குத் தெரியும்? அடிபட்ட அன்றே காது டாக்டரிடம் காட்டி, பரிசோதனை செய்து, பேப்பரில் ஏற்றினால்தானே நிற்கும்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊனத்துக்குக் கிடைக்கும் நிவாரணமும் எத்தனை விழுக்காடு என்று பார்த்துத்தான் வருகிறது. அந்தப் பையனுக்கு நாங்கள் போனபோதே நாற்பது நாள் தாண்டியிருந்தது.

அவனுடைய வார்த்தையை எங்கள் அறிக்கையில் சேர்க்கச் சொன்னேன். ஆதாரம் இல்லாததைச் சேர்த்தால் எதிர்த்தரப்பு வக்கீல் மொத்த அறிக்கையையும் பொய் என்பான் என்று தோழர்கள் தயங்கினார்கள். அவர்கள் தயக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதைக் கேட்டபோது எனக்கு அந்தக் கண்ணாடி அறை ஞாபகம் வந்தது. நம்ம சனத்தின் சொல் சாட்சியாகாது என்பதை எதிர்த்துத்தானே இந்த இயக்கமே? நாமே ஒருத்தன் சொன்னதை மெஷின் பேப்பர் கேட்டுத் தள்ளினால் எப்படி?

நானும் யோக்கியன் இல்லை. அடிபடுவதற்கு முன் என் பெரிய பையனைச் செவுளில் அறைந்திருக்கிறேன், கணக்கில் தப்பு பண்ணினதுக்கு. எங்கப்பன் என்னை அறைந்தார், அவரைப் பண்ணைக்காரன் அறைந்தான். அடிபட்ட பிறகு கோபம் அதிகமாச்சு. தூக்கமில்லாதவன் கோபம் அது. ஒரு நாள் ராத்திரி ஃபேனை அணைத்ததுக்காகச் சின்னவன் மேல் கை ஓங்கினேன். கை தன்னாலே காதுக்குத்தான் போச்சு. பாதி வழியில் நின்றது. அன்றைக்கு அவன் தூங்கின பிறகு பெரியவனை எழுப்பி, "உனக்குக் காதுல சத்தம் ஏதாவது கேக்குமாடா?" என்று கேட்டேன். "இல்லப்பா, தூங்குங்க" என்றான்.

அந்தத் தோழருக்கு வருகிறேன். பறை என் காதுக்குள் இருக்கிற சத்தத்தை இரண்டு மூன்று நாளைக்குக் கிளப்பிவிடுகிறது தோழர். அதனால் வெளியே போனேன். தூரத்தில், டீக்கடைப் பக்கம் நின்று கேட்டேன். அங்கிருந்து கேட்டால் தாங்குகிறது. கூட்டத்தில் ஸ்பீக்கர் பெட்டியை மேடைக்கு நேராக வைக்காமல் கொஞ்சம் திருப்பி வைத்தால் என்னைப் போல இன்னும் சிலர் உட்கார்ந்திருப்பார்கள். அடிக்கிற தம்பிகள் காதில் பஞ்சு வைப்பதில் பிரயோசனம் அதிகம் இல்லை. மருந்துக்கடையில் ஸ்பாஞ்சில் செய்த காதடைப்பு கிடைக்கிறது, விலையும் பெரிசில்லை. கலைக்குழுவுக்கு வாங்கிக் கொடுக்க இயக்கத்தில் காசு இல்லை என்றால் நான் தருகிறேன்.

அடுத்த வாரம் பக்கத்து மாவட்டத்துக்கு ஒரு குழு போகிறது. நானும் போகிறேன். நம்முடைய விசாரணைப் படிவத்தில் காயம் என்ற கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: 'காதில் அடி விழுந்ததா? சத்தம் கேட்கிறதா? எப்போதிலிருந்து?' படிவம் ஏற்கனவே அச்சாகிவிட்டது, இடம் இல்லை என்கிறார்கள். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.